சுவஸ்திகம்: பேசுமுன் திருத்திக்கொள்ள வேண்டிய சில பிழைகள்

"நம்முடைய சுவஸ்திகம் வலப்பக்கம் திரும்பும், ஹிட்லர் அதை இடப்பக்கமாகத் திருப்பிவிட்டான்." இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்க ஆறுதலாக இருக்கும், ஆனால் உண்மை இல்லை. நாஜிக் கொடியில் இருந்ததும் மேல் கை வலப்பக்கம் மடங்கும் வடிவம்தான். இந்துக்கள் பெரும்பாலும் வரைவதும் அதேதான். இடப்பக்கம் மடங்குவதைத் தீயது என்று சொல்வது இன்னும் பெரிய பிழை. திபெத்தின் போன் சமயத்தாருக்கு அந்த இடப்பக்க வடிவமே புனிதம். 'யுங்துருங்' என்பார்கள், நிலையானது என்று பொருள். ஜப்பானிய வரைபடங்களில் பௌத்தக் கோயிலைக் காட்டும் 'மஞ்ஜி'யும் இடப்பக்கம் மடங்குவதுதான்.

சரி, சாய்வை வைத்தாவது பிரிக்கலாமா? நாஜிக் கொடியில் அது 45 பாகை சாய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் ஹிட்லரின் தனிக் கொடியில் நேராகவே நின்றது. ஆக, கோணமானியை வைத்து இதைத் தீர்க்க முடியாது. யார், எங்கே, எதற்காக வரைந்தார்கள் என்று பார்ப்பது ஒன்றுதான் வழி.

அடுத்தது, பழமையைச் சொல்லும்போது வரும் அவசரம். உக்ரைனில் மெசின் என்ற இடத்தில் மாமத யானை என்ற அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செதுக்கிய பறவை உருவம் ஒன்று கிடைத்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. அதன் மேல் உள்ள கோட்டு வேலைப்பாட்டில் சுவஸ்திகம் போன்ற வடிவம் தெரிகிறது. உடனே "அப்போதே சுவஸ்திக வழிபாடு இருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். வளைந்து வளைந்து போகும் கோடுகளை அடுக்கினாலே இந்த வடிவம் தானாக விழும் என்பதை மறந்துவிடக் கூடாது. சிந்துவெளி முத்திரைகளில் சுவஸ்திகம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்த முத்திரைகளில் உள்ள எழுத்தை இன்னும் யாரும் உறுதியாகப் படித்துக் காட்டவில்லை. அப்படியிருக்க, அந்த மக்கள் அதைப் பிள்ளையாரின் அடையாளமாகக் கண்டார்கள் என்று எதை வைத்துச் சொல்வது? ஒரு வடிவம் பழமையானது என்பதும், இன்று நாம் அதற்குத் தரும் பொருள் பழமையானது என்பதும் வேறு வேறு.

பெயரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 'சு' என்றால் நல்ல, 'அஸ்தி' என்றால் இருக்கிறது. 'ஸ்வஸ்தி' என்பது நலம் உண்டாகட்டும் என்ற வாழ்த்து. சோழர் கல்வெட்டுகள் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்குவது அதனால்தான். பாணினியின் சமஸ்கிருத இலக்கணத்தில் இந்தச் சொல் எங்கே வருகிறது தெரியுமா? மாடுகளின் காதில் இடும் அடையாளங்களின் பட்டியலில்! கோயிலுக்கு மட்டும் உரியதாக அது எப்போதும் இருந்ததில்லை. திருச்சி அருகே திருவெள்ளறையில், பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் கம்பன் அரையன் என்பவர் வெட்டிய கிணறு முழுவதுமே சுவஸ்திக வடிவம்தான். நான்கு கைகளிலும் படிக்கட்டுகள் நடுவிலுள்ள நீருக்கு இறங்குகின்றன. கல்வெட்டு அதை 'மார்பிடுகு பெருங்கிணறு' என்கிறது. ஊருக்குத் தண்ணீர் தரும் இடத்தை ஒருவர் வாழ்த்தின் வடிவத்திலேயே அமைத்திருக்கிறார்.

எல்லாருக்கும் ஒரே பொருள் என்று நினைப்பதும் தவறு. சமணர்களுக்கு நான்கு கைகள் நான்கு பிறவி நிலைகள்: தேவர், மனிதர், நரகர், விலங்கும் தாவரமும். மேலே உள்ள மூன்று புள்ளிகள் மும்மணிகள், அதாவது நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். ஏழாம் தீர்த்தங்கரர் சுபார்சுவநாதரின் சின்னமும் இதுவே. சீனத்தில் 693ஆம் ஆண்டு பேரரசி வூ ஸெதியான் இதைப் 'பத்தாயிரம்' என்ற சொல்லின் ஒலியிலேயே படிக்க வேண்டும் என்று ஆணையிட்டார்.

ஐரோப்பாவில் கண்ட எல்லாச் சுவஸ்திகமும் நாஜிகளுடையது என்று எண்ணுவதும் சரியல்ல. பின்லாந்து விமானப்படை 1918லேயே நீலச் சுவஸ்திகத்தை ஏற்றது, நாஜிக் கட்சி அதைக் கொடியில் வைத்தது 1920ல். நாஜிகள் இதை எடுத்துக்கொண்டதற்கான விதை, இன்றைய துருக்கியில் உள்ள பழைய நகரமான டிராயின் அகழாய்வில் விழுந்தது. அங்கே ஜெர்மானிய அகழாய்வாளர் ஷ்லீமன் கண்டெடுத்த பொருட்களில் இருந்த வடிவத்தைச் சிலர் 'ஆரிய இன' முத்திரையாக வாசித்தார்கள். இந்தியாவில் பிறந்த 'சுவஸ்திகம்' என்ற சொல்லை வெளியே கண்டதற்கெல்லாம் ஒட்டுவது தமக்குப் பிடிக்கவில்லை என்று சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் அப்போதே ஷ்லீமனுக்கு எழுதினார். அது எடுபடவில்லை. ஜெர்மானியர் தம் சின்னத்தை 'ஹாக்கன்க்ராய்ஸ்' என்றே அழைத்தார்கள், கொக்கிச் சிலுவை என்று பொருள். நாமும் அதை அப்படிச் சொல்லிப் பழகலாம். கலிபோர்னியாவும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 2022ல் கொண்டுவந்த சட்டங்கள் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டன.

அப்புறம், எனக்கு மிகவும் உறுத்தும் தவறு ஒன்று. இந்தச் சின்னத்தைக் கண்டு நடுங்கும் ஒருவரிடம் "உங்களுக்கு வரலாறு தெரியவில்லை" என்று சொல்வது. வதைமுகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்தவருக்கு வரலாறு நம்மைவிட நன்றாகத் தெரியும். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள், நம் பொருளைப் பிறகு சொல்லலாம். அமெரிக்கப் பூர்வகுடிகளான நவாஹோ மக்களிடமும் இந்த வடிவம் இருந்தது, 'சுழலும் மரக்கட்டை' என்ற பெயரில். 1940ல் அரிசோனாவில் நவாஹோ, ஹோப்பி, அப்பாச்சி, பாபகோ இனங்களின் பிரதிநிதிகள் கூடி, போர்வையிலும் கூடையிலும் இனி இதை நெய்வதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள்.