இரண்டாம் படியோடு தேடலை நிறுத்தியவர்கள்

குலசேகரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு வந்து என்னிடம் இயற்கணிதம் படிக்கிறாள் ஒரு மாணவி. அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. சில இயற்கணித அமைப்புகளில், சாதாரண எண்களைப் போலன்றி, பெருக்கலில் முன்பின் மாறினால் விடை மாறும் என்பதை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. “சிரட்டையை வைத்துவிட்டு வெட்டுவதும், வெட்டிவிட்டுச் சிரட்டையைத் தேடுவதும் ஒன்றா சார்?” என்று அவளே கேட்டாள். அப்படிப்பட்டவள் போன வாரம் நோட்டைத் திறந்து காட்டினாள். ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் நான் செய்த அதே பிழை, கிட்டத்தட்ட அதே வரியில் இருந்தது.

இத்தகைய பெருக்கலில் மாறாதவற்றை, அதாவது ஒரு குலம் (அடுத்தடுத்துச் செய்யவும் திருப்பவும் கூடிய மாற்றங்களின் தொகுப்பு) செயல்பட்டாலும் அப்படியே இருக்கும் கோவைகளை, தேடும்போது வரும் பிழைகளைப் பற்றியது இது. கூட்டல் கழித்தல் குறி மாறுவது, அடைப்புக்குறியை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

செயல்படாத குலம்

எக்ஸ், ஒய் என்பவற்றை க, ச என்றே எழுதுகிறேன். குவாண்டம் தளம் என்னும் வளையத்தில் (கூட்டலும் பெருக்கலும் உள்ள அமைப்பில்) சக = த·கச; த என்பது பூச்சியம் அல்லாத எண். இங்கே க, ச இரண்டையும் இடம் மாற்றினால் கச = த·சக, அதாவது கச = த²·கச என்று வரும். ஆகவே த என்பது 1 அல்லது −1 ஆக இருந்தால்தான் இடமாற்றம் அந்த வளையத்தின் ஆட்டோமார்ஃபிசம், அதாவது அதன் விதிகளைக் குலைக்காத மாற்றம், ஆகும். த = 2 என்று வைத்துக்கொண்டு நான்கு பக்கம் கணக்குப் போட்டு வருகிறவர்கள் உண்டு. நான்கு பக்கமும் வீண்.

உறுப்பு எண்ணிக்கையை எல்லையாக நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். எம்மி நோதர் 1916-இல் நிறுவிய தேற்றம் எல்லோருக்கும் தெரியும்: கேரக்டரிஸ்டிக் 0 உள்ள புலத்தில் (1-ஐ எத்தனை முறை கூட்டினாலும் 0 வராத எண் அமைப்பில்), பல்லுறுப்புக்கோவை வளையத்தின் மீது செயல்படும் முடிவுறு குலத்துக்கு, மாறாதவற்றின் பிறப்பாக்கிகள் (கூட்டியும் பெருக்கியும் மற்ற மாறாதவற்றையெல்லாம் தருபவை) அனைத்தும் குலத்தின் உறுப்பு எண்ணிக்கைக்கு மேற்படாத படியிலேயே கிடைத்துவிடும். அந்த நிறுவல் கச = சக என்பதன் மேல் நிற்கிறது. அதை மறந்துவிட்டு எல்லையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

சக = −கச என்ற வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடமாற்றமும், எதையும் மாற்றாத சமனியும் சேர்ந்த குலத்துக்கு உறுப்புகள் இரண்டு. க+ச மாறாது. அடுத்து கச மாறாது என்று கை தானாக எழுதிவிடும். ஆனால் அது சக ஆகிறது, அதாவது −கச. எனவே கச வெளியே. க²+ச² மாறாதது; ஆனால் கச+சக = 0 என்பதால் (க+ச)² என்பதே க²+ச². புதிதாக ஒன்றும் வரவில்லை. இரண்டாம் படி முடிந்தது, எல்லையும் முடிந்தது. “சார், ஒரே ஒரு பிறப்பாக்கிதான் வருகிறது” என்றாள் மாணவி.

நான் இதே நம்பிக்கையில் பெரிய குலங்களுக்கும் நிரல் எழுதி, ஏழு மாதம் ஓட்டி, முப்பது பக்கம் நிரப்பினேன். ஆய்வு வழிகாட்டி ஒரு பக்கத்தையும் புரட்டாமல், “இரண்டு மாறிக்குப் பத்தாம் படியில் எத்தனை வருகிறது?” என்று மட்டும் கேட்டார். வடசேரியில் பஸ் புறப்படக் காத்திருந்தபோது டிக்கெட்டின் பின்புறம் எழுதிப் பார்த்தேன். பத்தாம் படியில் க¹⁰, க⁹ச என்று 11 ஓருறுப்புக்கோவைகள். நடுவிலுள்ள க⁵ச⁵ குறி மாறிக் கழிந்துவிடுகிறது. மிச்சம் 5 ஜோடிகள், ஜோடிக்கு ஒரு மாறாதது. ஆக 5. என் விடையில் இருந்ததோ க+ச-வின் பத்தாம் அடுக்கு ஒன்றுதான்.

தவறிப்போனது மூன்றாம் படியில் இருந்தது. அங்கே மாறாதவை இரண்டு பரிமாணம், அதாவது ஒன்றையொன்று சாராதவை இரண்டு. (க+ச)³ ஒன்றைத் தரும், மற்றதற்கு க³+ச³ வேண்டும். க+ச, க³+ச³ இரண்டும் சேர்ந்தால்தான் முழு வளையமும் பிறக்கிறது. உறுப்புகள் இரண்டே உள்ள குலத்துக்கு மூன்றாம் படிப் பிறப்பாக்கி!

டிக்கெட்டில் செய்த கணக்கை முதல் நாளே செய்திருக்கலாம். ஒவ்வொரு படியிலும் பரிமாணத்தையும் இடமாற்றத்தின் சுவட்டையும் (அதன் அணியின் மூலைவிட்டக் கூட்டலையும்) கூட்டிப் பாதியாக்கினால் மாறாதவற்றின் எண்ணிக்கை வந்துவிடும். இரண்டாம் படியில் சுவடு −1; ஆகவே (3−1)/2 = 1. கச = சக ஆகும்போது மாறாதவற்றை எண்ணித் தரும், அணிக்கோவையை வைத்து எழுதும் மோலியன் சூத்திரத்தை இங்கே அப்படியே போடாதீர்கள். அது இரண்டாம் படிக்கு 2 என்று சொல்லும்.

பிரதிபலிப்பைக் கண்ணால் அடையாளம் காண்பது

கச = சக ஆகும்போது, பிரதிபலிப்புகளால் பிறக்கும் குலங்களுக்குத்தான் மாறாதவை பல்லுறுப்புக்கோவை வளையமாகும் என்று ஷெப்பர்டும் டாட்டும் 1954-இலும் ஷெவாலே 1955-இலும் நிறுவியதைப் படித்தவர்கள் ஐகன் மதிப்புகளைப் (மாற்றம் சில திசைகளை எத்தனை மடங்காக்குகிறது என்பதை) பார்த்தே, ஒன்றைத் தவிர மற்றவை 1 என்றால் பிரதிபலிப்பு என்று முடிவு செய்கிறார்கள். மேலே சொன்ன இடமாற்றம் பார்வைக்கு அசல் பிரதிபலிப்பு. ஆனால் அதன் மாறாதவை வளையம் ஒழுங்கானது அல்ல, அதாவது பல்லுறுப்புக்கோவை வளையத்தைப் போன்ற நல்ல அமைப்பு அதற்கு இல்லை. அதே வளையத்தில் க-வை ச ஆகவும், ச-வை −க ஆகவும் அனுப்பிப் பாருங்கள். உறுப்புகள் நான்கு, ஐகன் மதிப்புகள் கற்பனை எண்கள், பிரதிபலிப்பின் சாயலே இல்லை. ஆனால் மாறாதவை க²+ச², கச ஆகிய இரண்டின் பல்லுறுப்புக்கோவை வளையம், அதுவும் பரிமாற்றுப் பண்போடு. கிர்க்மன், குஸ்மனோவிச், ஜாங் மூவரும் இத்தகையவற்றுக்கு மிஸ்டிக் ரிஃப்ளெக்‌ஷன் என்று பெயர் வைத்தார்கள். பெயர் கொஞ்சம் ஆடம்பரம்தான்.

சராசரி எடுப்பது

ஒரு கோவையைக் குலத்தின் எல்லா உறுப்புகளாலும் மாற்றிக் கூட்டி வகுத்தால் மாறாதது கிடைக்கும். ஆனால் உறுப்பு எண்ணிக்கையால் அந்தப் புலத்தில் வகுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

கட்டற்ற இயற்கணிதம்

இங்கே கச-வுக்கும் சக-வுக்கும் எந்த உறவும் இல்லை. குலம் வெறும் எண் பெருக்கலாகச் செயல்பட்டாலன்றிப் பிறப்பாக்கிகள் முடிவில்லாதவை. எண்ணி முடிக்க உட்காராதீர்கள்.

மாணவியிடம் இடமாற்றம், மிஸ்டிக் ரிஃப்ளெக்ஷன் ஆகிய இரண்டு செயல்களின் சுவடுகளையும் பத்தாம் படி வரை எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை கொண்டு வருவாள்.