பார்த்ததையே செய்யும் வயதில் அன்பாக நடக்கப் பழக்குவது எப்படி?

"அவன்தான் முதல்ல தள்ளினான், அதான் நானும் தள்ளினேன்." நாலு வயதுப் பிள்ளை இப்படிச் சொன்னால், சாக்குச் சொல்கிறது என்று கோபப்பட வேண்டாம். பெரும்பாலும் நடந்தது அதுதான். பேச்சு, செருப்பு மாட்டுவது எல்லாம் பார்த்துப் பார்த்து வந்தவை. அடியும் கிண்டலும் அதே வழியாகத்தான் வருகின்றன.

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறு பிள்ளைகள் பிறகு அதே மாதிரி அடித்தார்கள், அவர் சொன்ன சொற்களையும் சேர்த்து. 1965-இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் முக்கியம். அடித்தவர் திட்டு வாங்குவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு" என்றதும், திட்டு வாங்குவதைப் பார்க்காத மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். திட்டுக்குப் பயந்து அடக்கிவைத்தார்களே தவிர, மறக்கவில்லை. அதனால், 'செய்யாதே' என்பதோடு நிறுத்தாமல் பதிலுக்கு என்ன செய்வது என்பதையும் நாம் பழக்கித் தர வேண்டும்.

படி 1: கவனியுங்கள்
பிள்ளை எதைப் பார்த்துச் செய்கிறது? தள்ளியதையா, தள்ளியவுடன் எல்லாரும் சிரித்ததையா? பல நேரம் அந்தச் சிரிப்புதான் இழுக்கிறது. வீட்டில் யாரும் சிரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடியும்.

படி 2: நடக்கும்போது குறைவாகப் பேசுங்கள்
ஓங்கிய கையை மெதுவாகப் பிடியுங்கள். குனிந்து, கண்ணுக்கு நேராக, "அடிக்க விடமாட்டேன். அவளுக்கு வலிக்குது." அவ்வளவு போதும். அப்புறம் அடிபட்ட குழந்தையிடம் முதலில் போங்கள். எல்லாருடைய கவனமும் அடித்தவர் மேலேயே விழுந்தால், அதுவே ஒரு பரிசாகிவிடும். அழுது கத்தும்போது அறிவுரை எதுவும் காதில் ஏறாது. பேச வேண்டியதை அமைதியான நேரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

படி 3: பொம்மைகளை வைத்து ஒத்திகை பாருங்கள்
எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. பிள்ளை நல்ல மனநிலையில் இருக்கும்போது இரண்டு பொம்மைகளை எடுங்கள். கரடி காரை வைத்திருக்கிறது, முயல் பிடுங்குகிறது. "இப்போ கரடிக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள், நீங்களே சொல்லிவிடாதீர்கள். "முயல் வேற எப்படிக் கேட்டிருக்கலாம்?" என்றும் கேளுங்கள். "நீ முடிச்சதும் எனக்குத் தர்றியா?" என்ற வரியைப் பிள்ளையே முயலின் குரலில் சொல்லட்டும். அடுத்து இடம் மாற்றுங்கள்: இப்போது கரடி "தரமாட்டேன்" என்கிறது. இதையும் பழக்க வேண்டும், ஏனென்றால் அன்பாகக் கேட்டால் எப்போதும் கிடைத்துவிடாது. காத்திருப்பது, வேறு விளையாட்டுக்குப் போவது, பெரியவரை உதவிக்குக் கூப்பிடுவது என மூன்று வழி காட்டுங்கள்.

மற்றவர்கள் ஒரு பிள்ளையைக் கேலி செய்யும் காட்சியையும் இப்படியே நடித்துப் பாருங்கள். கூட்டத்தை எதிர்த்து நிற்கச் சொல்வது சின்ன வயதுக்குப் பெரிய பாரம். "வா, நாம விளையாடலாம்" என்று அந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது அவர்களால் முடியும்.

படி 4: நல்லதைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்
"சமத்து" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "தம்பி அழுததும் நீ போய்ப் பொம்மை கொடுத்தே, அவன் அழுகை நின்னுபோச்சு" என்பது மனதில் நிற்கும். மிட்டாய், ஸ்டிக்கர் வேண்டாம். வார்னேகன், டொமசெல்லோ என்ற உளவியலாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பொருள் பரிசு பெற்ற 20 மாதக் குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது.

படி 5: அடுத்த பிள்ளைக்குப் பட்டம் கட்டாதீர்கள்
"அவன் கெட்ட பையன், அவனோடு சேராதே" என்று நாம் சொன்னால், ஒருவரை ஒதுக்குவதை நாமே செய்து காட்டுகிறோம். "அவன் செய்தது சரியில்லை. அவனும் பழகிக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லுங்கள்.

படி 6: உங்கள் குரல்
வண்டி ஓட்டும்போது, போனில் பேசும்போது, வேலையாட்களிடம் பேசும்போது நம் வாயில் வருவதைப் பிள்ளை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கத்திவிட்டால், அதன் முன்னாலேயே "கோபத்தில் கத்திட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சம்பந்தப்பட்டவரிடம் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்பதையும் பிள்ளை பார்த்துத்தான் பழக வேண்டும்.

ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாது. பசியிலும் தூக்கத்திலும் பழைய பழக்கம் திரும்பும். அப்போது முதலில் சாப்பாடு கொடுங்கள், தூங்கவையுங்கள். ஒத்திகையை மறுநாள் தொடரலாம்.