கிராம் சாயமேற்றல்: ஆல்கஹாலை எப்போது நிறுத்துவது?

பாக்டீரியாவுக்கு நிறமேற்றி இரு வகையாகப் பிரிக்கும் முறைதான் கிராம் சாயமேற்றல். முதுகலை முதலாண்டில் அதற்காக என் கைக்கு வந்த பாக்டீரியா வளர்ப்பு ஸ்டஃபைலோகாக்கஸ். நுண்ணோக்கியில் ஊதாத் திராட்சைக் கொத்தாகத் தெரிய வேண்டியது. எனக்குக் கொத்து தெரிந்தது, நிறம் மட்டும் இளஞ்சிவப்பு. மறுநாள் செய்தபோதும் அதே இளஞ்சிவப்பு. ஆய்வக உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆல்கஹாலை ஊற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டீர்களா, தம்பி?" என்றார். நான் எங்கும் போகவில்லை. புத்தகத்தில் 30 விநாடி என்று இருந்தது, கைக்கடிகாரத்தைப் பார்த்து 30 விநாடி வைத்தேன். தவறே அதுதான் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

இன்று எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் ஆர்ஆர்என்ஏ என்ற மரபணுவைப் படித்துப் பாக்டீரியாவின் பெயரைச் சொல்லிவிடலாம். புரதங்களின் நிறையை அளக்கும் மால்டி-டாஃப் கருவி சில நிமிடங்களில் சொல்லிவிடும். ஆனால் தெரியாத பாக்டீரியா ஒன்று கையில் வந்தால் பெரும்பாலான ஆய்வகங்களில் முதலில் கேட்பது இதைத்தான்: கிராம் நேரா (ஊதாவாகவே நிற்பது), எதிரா (இளஞ்சிவப்பாவது)? உருண்டையா, குச்சியா?

1. ஸ்லைடு
ஸ்லைடின் சொரசொரப்பான ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை ஆல்கஹாலில் கரைந்து ஓடிவிடும், பிறகு எது யாருடைய ஸ்லைடு என்று பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும். எந்தப் பக்கம் எழுதினீர்களோ அந்தப் பக்கமே ஸ்மியரையும் (பாக்டீரியாவின் மெல்லிய பூச்சு) வையுங்கள். நான் ஒருமுறை ஸ்மியர் இல்லாத பக்கத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறேன்.

2. ஸ்மியர்
வளர்ப்பு 18 முதல் 24 மணி நேரத்துக்குள் இருக்கட்டும். பழைய வளர்ப்பில் செல்சுவர் நைந்துபோய், கிராம் நேர் பாக்டீரியாவும் நிறத்தை விட்டுவிடும். சிறு துளி நீரில் காலனியை (தட்டில் வளர்ந்த பாக்டீரியாப் புள்ளி) தொட்டும் தொடாமலும் எடுத்துக் கலக்குங்கள். ஸ்மியருக்கு அடியில் வைத்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும், அதுதான் என் அளவுகோல். காற்றில் முழுவதும் உலர்ந்த பிறகே தீச்சுடருக்கு மேல் இரண்டு மூன்று முறை காட்டுங்கள். புறங்கையில் வைத்தால் பொறுக்கும் சூடு போதும்.

3. கிரிஸ்டல் வயலட் 1 நிமிடம், கழுவுங்கள். அயோடின் 1 நிமிடம், கழுவுங்கள்.
சாயப்பட்டறையில் படிகாரம் செய்யும் வேலையை இங்கே அயோடின் செய்கிறது. சாயத்தோடு சேர்ந்து பெரிய கூட்டுப்பொருளாகிச் செல்லுக்குள் தங்குகிறது. அயோடின் கரைசல் வெளிறிப்போயிருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

4. ஆல்கஹால்
இந்த நிமிடம் வரை எல்லாப் பாக்டீரியாவும் ஊதாதான். கிராம் நேர் வகையின் தடித்த பெப்டிடோகிளைக்கன் சுவர் ஆல்கஹாலில் நீரிழந்து சுருங்கிச் சாயத்தை உள்ளேயே பூட்டிக்கொள்கிறது. கிராம் எதிர் வகைக்கு மெல்லிய சுவர்தான். அதன் வெளிச்சவ்வின் கொழுப்பையும் ஆல்கஹால் கரைத்துவிடுவதால் சாயம் வெளியேறிவிடுகிறது. ஆனால் அதிக நேரம் விட்டால் பூட்டிய சுவரும் தாங்காது. என் ஸ்டஃபைலோகாக்கஸுக்கு நடந்தது அதுதான். ஸ்மியர் மெல்லியது, அதற்கு 30 விநாடி மிக அதிகம்.

ஆகவே கடிகாரத்தை மறந்துவிடுங்கள். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, மேல் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். கீழே வடிவது ஊதாவாக இருக்கும், பிறகு வெளிறும். நிறமற்று வடியத் தொடங்கிய அந்தக் கணமே தண்ணீர். தண்ணீரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் தேடிப் போகும் நேரத்தில் காரியம் கெட்டுவிடும்.

அசிட்டோன் கலந்த ஆல்கஹால் வேகமானது, ஆகவே கைப்பழக்கம் உள்ளவர்களுக்குச் சரி. புதியவர்களுக்கு 95% எத்தனால்தான் என் பரிந்துரை. அது மெதுவாக வேலை செய்வதால் சிறு தவறைப் பொறுத்துக்கொள்ளும்.

1884-இல் இந்த முறையை வெளியிட்ட ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராமுக்கு வகைப்பாடு நோக்கமே இல்லை. பெர்லினில், நிமோனியாவால் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. சில பாக்டீரியா நிறத்தை இழந்தது அவருக்கு முறையின் குறையாகப் பட்டது.

5. நிறமிழந்த செல்களுக்கு இளஞ்சிவப்பு ஏற்றும் சஃப்ரனின் 45 விநாடி, கழுவி ஒற்றி உலர்த்துங்கள். தேய்க்காதீர்கள். பிறகு எண்ணெய் விட்டு 100 மடங்கு லென்ஸ். செல்கள் தனித்தனியாகக் கிடக்கும் இடத்தை மட்டும் பாருங்கள், குவியலை நம்பாதீர்கள்.

ஒரே ஸ்லைடில் மாதிரிக்கு இரு புறமும் தெரிந்த வளர்ப்புகளை வைத்துவிடுவது என் வழக்கம்: இடது புறம் ஸ்டஃபைலோகாக்கஸ், வலது புறம் கிராம் எதிரான ஈ. கோலை, நடுவில் மாதிரி. ஈ. கோலையும் ஊதாவாக இருந்தால் ஆல்கஹால் போதவில்லை. இரண்டும் இளஞ்சிவப்பென்றால் அதிகமாகிவிட்டது. இரண்டும் சரியாக வந்த பிறகே நடுவில் இருப்பதைப் படிக்கலாம்.

வேலை முடிந்ததும் வளர்ப்புத் தட்டுகளை 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யாமல் குப்பையில் போடக் கூடாது.

பின்சேர்க்கை 1: பின்புலம் முழுவதும் ஊதாப் புள்ளிகள் என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஒரே அளவில் இல்லாமல் கரடுமுரடாக இருந்தால் பெரும்பாலும் அவை சாயப் படிவுகள். கிரிஸ்டல் வயலட்டை வடிதாளில் வடிகட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பின்சேர்க்கை 2: நிறத்தில் சந்தேகம் வந்தால் 3% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளியில் காலனியைக் குழைத்து லூப்பை (நுனியில் வளையமுள்ள கம்பி) தூக்கிப் பாருங்கள். கம்பிப் பதப் பாகுபோல நூல் இழுத்தால் கிராம் எதிர். செல் உடைந்து வெளிவந்த டிஎன்ஏதான் அந்த நூல்.

பின்சேர்க்கை 3: கிராம் நேர் உருண்டை என்று தெரிந்த பிறகு கேட்டலேஸ் (ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் நொதி) சோதனை. 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் பக்கம், நுரைக்காவிட்டால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுரைக்கிறதே என்று கேட்டவர் இரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகமான இரத்த அகாரிலிருந்து எடுத்திருக்கிறார். சிவப்பணுவிலும் கேட்டலேஸ் உண்டு. நிக்ரோம் லூப்பும் பொய் நுரை தரும், மரப் பல்குச்சியே மேல்.

பின்சேர்க்கை 4: இட்லி மாவை நேரடியாக ஸ்லைடில் தடவியவருக்கு: நீங்கள் படத்தில் காட்டிய கருநீல உருண்டைகள் பாக்டீரியா அல்ல, அயோடின் பட்ட மாவுத் துகள்கள். மாவைக் கரைத்து எம்ஆர்எஸ் அகாரில் (லாக்டிக் அமிலப் பாக்டீரியாவுக்கான ஊடகம்) கோடிட்டு வளர்த்து, தனிக் காலனியை எடுத்து மறுபடியும் முதல் படியிலிருந்து வாருங்கள்.