ராம்நாடு கடற்கரையோரம் வெயில்ல பைக் ஓட்டுறப்ப தண்ணி எப்படி குடிக்கணும்

வெயில்ல பைக் ஓட்டுறவங்களுக்கு எதிரி வெயில் இல்ல, காத்துதான். நடந்து போனா வேர்வை வழியும், சட்டை ஒட்டும், ஐயையோ தண்ணி குடிக்கணும்னு தோணும், ஆனா வண்டில 60ல போறப்ப வேர்வை வந்த வேகத்துல காஞ்சுடும், நம்ம என்னவோ குளுகுளுனு போறதா நினைச்சுகிட்டு இருப்போம், உள்ள தண்ணியும் உப்பும் போய்கிட்டே இருக்கும்.

எனக்கு இது புரிஞ்சது ஒரு கத்திரி வெயில்லதான். தூத்துக்குடில இருந்து ஈசிஆர்ல ராம்நாடு வந்துகிட்டு இருந்தேன், சாயல்குடி தாண்டுனா ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான், நிழல்னு சொல்ல ஒண்ணும் இல்ல. தாகமே எடுக்கல. ஏர்வாடி வர்றதுக்குள்ள தலை விண்ணு விண்ணுனு தெறிக்குது, கிளட்ச் பிடிக்கிற கை இழுத்துகிச்சு, முன்னாடி போற பஸ் எவ்வளவு தூரத்துல போகுதுனே கணிக்க முடியல. ரோட்டோரம் ஒரு கடைல நிறுத்துனேன், அங்க இருந்த அக்கா என் மூஞ்சிய பாத்துட்டு "தம்பி மொதல்ல ஹெல்மெட்ட கழட்டிட்டு உக்காரு"னு சொல்லி ஒரு சொம்பு நீராகாரத்துல கல்லுப்பு போட்டு குடுத்தாங்க. அரை மணி நேரம் கழிச்சுதான் மனுசன் ஆனேன். அந்த அரை மணி நேரம் நிக்காம ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் நினைச்சா பயமா இருக்கு.

அதனால முதல் விசயம், தாகத்த நம்பாதீங்க, கடிகாரத்த நம்புங்க. 15-20 நிமிசத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி சொச்சம், மணிக்கு முக்கால் லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும். முதுகுல மாட்டுற ட்யூப் வச்ச தண்ணி பை இருந்தா ஓட்டிகிட்டே உறிஞ்சலாம், 2 லிட்டர் பை போதும். அது இல்லைனா 40 நிமிசத்துக்கு ஒருக்கா வண்டிய ஓரங்கட்டியே ஆகணும், நிறுத்தி நிதானமா ரெண்டு டம்ளர். மொத்தமா ஒரு பாட்டில கவுத்துட்டு அடுத்த ரெண்டு மணி நேரத்துக்கு கவலை இல்லைனு கிளம்புறது வேலைக்காகாது. மணிக்கு ஒண்ணரை லிட்டருக்கு மேல வெறும் தண்ணியா ஊத்துறதும் தப்பு, ரத்தத்துல சோடியம் நீத்துப் போயி அதுலயும் தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வரும், அத தண்ணி பத்தலனு நினைச்சு இன்னும் குடிச்சா மோசமாயிடும்.

உப்புதான் பலபேர் விடுற இடம். ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, வேணும்னா எலுமிச்சை, இத ஒரு பாட்டில்ல தனியா வச்சுக்கோங்க, வெறும் தண்ணி இன்னொரு பாட்டில்ல. மெடிக்கல்ல வாங்குனா உலக சுகாதார நிறுவன ஃபார்முலானு போட்ட ஓஆர்எஸ் பொடியா கேட்டு வாங்குங்க, பழ டேஸ்ட்ல டப்பால வர்ற ஜூஸ் எல்லாம் அது இல்ல. இளநி நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, அதனால இளநி குடிச்சா கூட ரெண்டு கை உப்புக்கடலை போட்டுக்கோங்க. நம்ம பக்கம் சீசன்ல நுங்கும் பதநீரும் கிடைக்கும், நுங்கு தாராளமா சாப்பிடுங்க, பதநீர்ல இனிப்பு அதிகம், ஒரு டம்ளரோட நிறுத்திட்டு கூட தண்ணி குடிங்க. என்னைய கேட்டா உப்பு தூக்கலா போட்ட நீர்மோருக்கு ஈடு எதுவும் இல்ல. பிரஷர், கிட்னி, சுகர் இருக்கவங்க மட்டும் உப்பு, சர்க்கரை விசயத்துல டாக்டர்கிட்ட கேட்டுட்டு செய்யுங்க.

அடுத்தது இந்த ஊர் தண்ணி. கடலோரத்துல நெறைய இடத்துல போர் தண்ணி உவரு, வாயில வச்சாலே கரிக்கும், போற வழில எங்கயாவது பிடிச்சுக்கலாம்னு காலி பாட்டிலோட வராதீங்க. ராம்நாடு டவுன்லயே நிரப்பிட்டு கிளம்புங்க, அது தொண்டி பக்கமா இருந்தாலும் சரி, ராமேஸ்வரம் பக்கமா இருந்தாலும் சரி. தனுஷ்கோடி போறவங்க ராமேஸ்வரத்துல இன்னொருக்கா ஃபுல் பண்ணுங்க, அரிச்சல்முனை வரைக்கும் ரெண்டு பக்கமும் கடல், தலைக்கு மேல வெயில், மணல்ல இருந்து அடிக்கிற கூசல் வேற. (அங்க இருக்கற சனங்க மணல்ல ஊத்து தோண்டி நல்ல தண்ணி எடுப்பாங்க, கடலுக்கு பக்கத்துலயே, பாக்க ஆச்சரியமா இருக்கும், ஆனா அது அவங்க சிரமப்பட்டு எடுக்கற தண்ணி, நம்ம தண்ணிய நம்மதான் கொண்டு போகணும்.) பாட்டில் மேல ஈர துணிய சுத்தி கட்டுனா ஓடுற காத்துக்கு தண்ணி சூடாகாம இருக்கும், மண்பானை வேலை செய்யுற அதே கணக்குதான்.

டிரஸ் விசயத்துல டீசர்ட்டோட போனா குளுமைனு நினைக்காதீங்க. காத்தோட சூடு 35 டிகிரிக்கு மேல போயிட்டா அது நம்ம தோல விட சூடு, அப்புறம் அந்த காத்து உடம்ப ஆத்தாது, அனல்தான் அடிக்கும். ஆனி ஆடில மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்துல ஓட்டுனவங்களுக்கு தெரியும். முழுக்கை, காத்து போற மெஷ் ஜாக்கெட், கழுத்துல நனைச்ச துண்டு. பரமக்குடி பக்கம் வறண்ட வெயில்ல நனைச்ச துண்டு நல்லா வேலை செய்யும், கடலோரத்துல காத்துல ஈரம் இருக்கறதால அவ்வளவு இருக்காது, அங்க நிழல்ல நிக்கிறதுதான் மருந்து. முடிஞ்சா காலைல நாலரைக்கு கிளம்பி 11 மணிக்குள்ள ஓட்டி முடிச்சுருங்க, மிச்சத்த நாலு மணிக்கு மேல பாத்துக்கலாம்.

ஒண்ணுக்கு போக இடம் இல்லைனு தண்ணி குடிக்காம ஓட்டுறவங்க இருக்காங்க, முக்கியமா பொண்ணுங்க. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க, பெட்ரோல் பங்குகள முன்னாடியே மேப்ல பாத்து அத வச்சு ஸ்டாப் போடுங்க. போறப்ப கலரையும் பாருங்க, வெளிர் மஞ்சள்னா சரி, டீ கலர்னா அங்கயே உக்காந்து குடிச்சுட்டுதான் கிளம்பணும்.

கூட வர்றவன் சம்பந்தம் இல்லாம பேசுறான், வாய் குழறுது, தள்ளாடுறான்னா அது சாதாரண களைப்பு இல்ல, ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உடம்பு சூடு கட்டுக்கு அடங்காம ஏறிப்போன நிலை. 108க்கு அடிங்க, நிழலுக்கு கொண்டு போயி ஹெல்மெட் ஜாக்கெட் எல்லாம் கழட்டி, உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவு சரியில்லாதவன் வாயில தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, புரை ஏறிடும்.

ஊர் போய் சேந்தாச்சுனு விட்றாதீங்க. கிளம்புறப்ப ஒருக்கா, சேந்தப்புறம் ஒருக்கா எடை பாருங்க, ஒரு கிலோ குறைஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி பாக்கி இருக்குனு அர்த்தம், அத ராத்திரிக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஈடு கட்டுங்க. மறுநாளும் ஓட்டணும்னா அன்னைக்கு ராத்திரி சரக்கு வேண்டாம், சோத்துல தண்ணி ஊத்தி வைக்க சொல்லுங்க, காலைல கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நீராகாரம் ரெண்டு டம்ளர் உப்பு போட்டு குடிச்சுட்டு வண்டிய எடுங்க.