முதல் அயர்ன்மேனா? சைக்கிளிலேயே சாப்பிட்டுவிடுங்கள்

அயர்ன்மேன் போட்டி என்றால் அடுத்தடுத்து 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். புதியவர்கள் பலர் படுத்துவிடுவது ஓட்டத்தில். கோளாறு ஆரம்பிப்பது என்னவோ சைக்கிளில், சரியாகச் சாப்பிடாததால். ஓடும்போது வயிறு குலுங்கும், எதுவும் எளிதில் உள்ளே இறங்காது.

சைக்கிளில் ஏறியதும் பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் மட்டும். மூச்சு அடங்கியபின் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. ஒரு ஜெல்லில் (பாக்கெட்டில் வரும் சர்க்கரைக் கூழ்) 25 கிராம் என்றால் 25 நிமிடத்துக்கு ஒன்று. பசி எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், வாட்சில் அலாரம் வையுங்கள். ஜெல்லோடு இனிப்பு பானம் குடித்தால் சர்க்கரை கெட்டித்து வயிற்றிலேயே தேங்கும், குமட்டும். தண்ணீர்தான் சரி. உப்பு மாத்திரையும் வேண்டும். காலி பாக்கெட்டைச் சாலையில் வீசினால் தண்டனை உண்டு. ஜெர்சிப் பையில் திணியுங்கள், பிசுபிசுத்தாலும் பரவாயில்லை.