மணிக்கட்டில் ஆபரேஷனா? முதலில் உளிகளைத் தீட்டுங்கள்

கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்துப்போய், ராத்திரி இரண்டு மணிக்குக் கையை உதறிக்கொண்டு எழுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் தச்சு வேலை செய்கிறேன். எனக்கு வந்தது கார்பல் டனல். மணிக்கட்டின் குறுகிய பாதையில் மீடியன் நரம்பு நசுங்குவதால் வருவது. அந்தப் பாதையை மூடியிருக்கும் தசைநார்ப் பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் கொடுப்பதுதான் ஆபரேஷன். பெரும்பாலும் கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கே காட்டுவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு தகவல்: ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது.

தேதி குறித்த அன்றே

சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும். புகைபிடித்தாலும் அப்படித்தான்.

ஆபரேஷனுக்கு முன், பட்டறையில் இரண்டு வாரம்

இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்கச் சொல்வேன். முதல் வேலை, எல்லா உளிகளையும், மரத்தை இழைக்கும் இழைப்புளியின் அலகையும் சாணைக்கல்லில் தீட்டி வைப்பது. ஆபரேஷனுக்குப் பிறகு பிடி வலுவாகத் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். மழுங்கிய உளி கேட்கும் பலம் அப்போது கையில் இருக்காது. கூரான உளி என்றால் மெதுவாகத் தள்ளினாலே சீவும்.

அடுத்தது துரு. கடற்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் சென்னையில் இரும்பு சில நாளிலேயே பழுப்பேறிவிடும். வியர்வைக் கறையைத் துடைத்துவிட்டு, தையல் மிஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுக்கும். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். தரையிலிருந்து உயர்த்தி, இடையிடையே மெல்லிய ரீப்பர் கட்டை கொடுத்துப் படுக்கையாக அடுக்குங்கள். கரையான் ஏறினாலும் கண்ணில் படும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போகவே கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்துவிட்டுத்தான் வீசவேண்டும்.

ஆபரேஷன் வலது கையில் என்றால், இந்த நாட்களில் இடது கையால் பல் துலக்கவும், ஸ்பூனில் சாப்பிடவும், மக்கில் தண்ணீர் எடுத்துக் குளிக்கவும் பழகிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு

மோதிரம், நகப்பூச்சு வேண்டாம். கையை நீங்களே சவரம் செய்யாதீர்கள், சின்ன வெட்டுக்கூடக் கிருமிக்கு வழிவிடும். எத்தனை மணிநேரம் வெறும் வயிறு என்பது மயக்க மருந்தைப் பொறுத்தது, கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வர கூட ஒருவர் வேண்டும்.

தையல் பிரிக்கும் வரை

முதல் சில நாள், கை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணையில் வையுங்கள், வீக்கம் குறையும். அடிக்கடி விரல்களை மடக்கி நீட்டுங்கள். குளிக்கும்போது கட்டின்மேல் பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்ட் இறுக்க வேண்டாம். சிவப்பு பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், விரல்கள் நீலமானால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தையல் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். புண் மூடும் வரை மரத்தூள் இருக்கும் பக்கமே போகவேண்டாம்.

திரும்பும் வரிசை

நான் தவறியது இங்கேதான். ராத்திரி எரிச்சல் முதல் வாரத்திலேயே போய்விட்டதால், கை சரியாகிவிட்டதென்று நம்பி, தையல் பிரித்த மறுநாள் ஒரு தேக்குப் பலகையை நகர்த்தினேன். உள்ளங்கை அடிப்பாகம் வீங்கி, பத்து நாள் வீணானது. வலி போவதும் தசைநார் ஆறுவதும் வேறுவேறு. மரத்துப்போன உணர்வு திரும்பக்கூட மாதக்கணக்கில் ஆகலாம்.

புண் நன்றாக மூடியதும் தழும்பில் தினமும் சில நிமிடம் எண்ணெய் விட்டு வட்டமாகத் தேய்க்கலாம். நான்காவது வாரம்போல, டாக்டர் சரி சொன்னால், பென்சிலால் அளவு குறிப்பது, லேசாக உப்புத்தாள் போடுவது. ஆறு வாரத்துக்குப் பிறகு பைன் மரத்தில் இழைக்கலாம். இழைப்புளிக் கைப்பிடி அழுத்துவது தழும்புக்குப் பக்கத்தில்தான், அதனால் பஞ்சுத் துணி சுற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைந்த சொம்பை வலியில்லாமல் தூக்க முடியாதவரை கொட்டாப்புளியை, அதாவது உளியை அடிக்கும் மரச் சுத்தியலை, தொடாதீர்கள். ஒற்றைக் கையால் ரம்பம் போடவும் வேண்டாம், மரத்தைப் பிடிக்க ஆளில்லாமல் ரம்பம் துள்ளும். உப்புத்தாள் தேய்க்கும் மிஷினை எல்லாவற்றுக்கும் கடைசியாக எடுங்கள், அதன் அதிர்வு மணிக்கட்டுக்குக் கெடுதல். எடுத்தாலும் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், அப்புறம் கையை உதறி ஓய்வு.