கலகாவும் கலகமும்: பழைய ஆட்டப் பெயர்களில் சிலேடை செய்வது எப்படி?

பழைய கணினிகள், காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டங்கள் ஆகியவற்றின் பெயர்களை வைத்துத் தமிழில் சொல்விளையாட்டு செய்ய விரும்புபவர், ஆங்கில எழுத்துகளை மறந்துவிட்டு, பெயரைத் தமிழில் எழுதி வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரே வல்லின எழுத்து பல ஒலிகளைத் தாங்குவது சிலருக்குக் குறையாகத் தோன்றலாம். சிலேடைக்காரருக்கு அது வரம். நாம்கோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட ஆட்டத்தைக் ‘கலகா’ என்று எழுதியதுமே ‘கலகம்’ எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

ஒலி பொருந்துவது பாதி வேலைதான். ஆட்டம் நடக்கும் விதமும் அந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்க வேண்டும். கலகாவில் எதிரித் தலைவன் ஒளிக்கற்றையை விரித்து நம் விண்கலத்தைச் சிறைபிடிப்பான். நம்மிடம் இன்னொரு கலம் மீதமிருந்து, அவன் பாய்ந்து வரும்போது அவனை மட்டும் குறிபார்த்து வீழ்த்தினால், பிடிபட்ட கலம் திரும்பி வந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ள, இரட்டைக் கலமாக நின்று சுடலாம். ஆகவே, நாரதரைச் சற்றே நகர்த்திவிட்டு, “கலகா கலகம் நன்மையில் முடியும்” என்று எழுதினால் ஆடிப் பழகியவர் உடனே சிரிப்பார்.

பெயரை வெட்டிப் பார்ப்பது அடுத்த வழி. இலக்கணத்தார் சொல்லும் பிரிமொழிச் சிலேடைக்கு இது நெருங்கிய உறவு. 1980இல் வந்த ‘பாக்மேன்’ இப்படித்தான் ‘பாக்கு மென்றான்’ ஆகிறான். நெடில் குறிலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏனெனில், வாயைத் திறந்து மூடித் தின்பதைக் குறிக்கும் ‘பாக்கு பாக்கு’ என்ற ஜப்பானிய ஒலிக்குறிப்பிலிருந்தே அப்பெயர் பிறந்தது.

அடாரியின் ‘பாங்’ (1972) தொடக்கத்தில் இருவர் சேர்ந்தே ஆட வேண்டிய ஆட்டம் என்பதால், அகப்பாடலில் தலைவனுக்குத் துணைவரும் ‘பாங்கன்’ அதற்குக் கச்சிதம். எண்களையும் விட்டுவிட வேண்டாம்: 64 கிலோபைட் நினைவகத்தோடு 1982இல் வந்த கமடோர் 64, அறுபத்து நான்கு கலைகளும் கற்ற கணினிதானே!

எழுதியதை வெளியிடுமுன், விஷமக்காரர் கண்ணோடு ஒருமுறை படிக்க வேண்டும். ஜப்பானில் ‘பக்மேன்’ (Puck Man) என்றிருந்த பாக்மேனின் பெயர் அமெரிக்காவுக்குப் போகும்போது மாற்றப்பட்டதற்கு, ஆட்டப் பெட்டியில் முதல் எழுத்தின் வளைவை யாரேனும் சுரண்டினால் அது ஆங்கில வசைச்சொல்லாகிவிடும் என்ற அச்சமே காரணம்.